பாத்ரூம் பூஞ்சணம்: சவரா, தொட்டியா?

கல்லடித் தங்கச்சி
மாரி தொடங்கினால் எங்கள் பாத்ரூம் சீலிங்கில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். காலையில் கொழுவிய துவாய் இரவிலும் ஈரம். எக்ஸோஸ்ட் பேன் இருந்தும் இப்படி. அறை 5 அடிக்கு 7 அடி, சுடுதண்ணீர் ஹீட்டர் உண்டு. சவரை எடுத்துவிட்டு, உள்ளே இறங்கிக் குளிக்கிற தொட்டி வைத்தால் ஈரம் குறையும் என்கிறார் இவர். எனக்குச் சவர்தான் விருப்பம். அம்மாவுக்கு முழங்கால் நோவு, அதையும் பார்க்க வேண்டும்.

வாவிக்கரை
அவர் சொல்வது சரி தங்கச்சி. சவரில் தண்ணீர் சிறுதுளியாகச் சிதறுகிறது, ஒவ்வொரு துளியிலிருந்தும் ஆவி பறக்கும். சுவர் நாலும் நனையும். தொட்டியில் மேற்பரப்பு மட்டும்தான்.

காரைதீவு அக்கா
தண்ணீர்க் கணக்கையும் பாருங்கள் தம்பி. தொட்டி நிரம்ப 150 லீற்றர் அளவில் வேண்டும். சவர் நிமிடத்துக்கு 8, 10 லீற்றர். ஐந்து நிமிடக் குளிப்பு 50 லீற்றருக்குள் முடிந்துவிடும். தொட்டித் தண்ணீர் அவ்வளவையும் சூடாக்கக் கரண்ட் யார் கட்டுவது? முழங்கால் நோகிறவர் தொட்டி விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைப்பாரா? என் மாமி அப்படித்தான் வழுக்கி விழுந்தார். இப்போது பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு கைச்சவரில் குளிக்கிறார்.

வாவிக்கரை
விளிம்பு விசயத்தை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. ஆனால் ஈரத்துக்குச் சவர்தான் மோசம், அதில் மாற்றமில்லை. யன்னலைத் திறந்து வைத்தாலாவது சமாளிக்கலாம்.

நிந்தவூர் மேசன்
வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் யன்னல் போதும். மார்கழியில் மழை பிடித்துக்கொண்டால் வெளிக்காற்றே ஈரம், அப்போது யன்னலை மட்டும் நம்ப முடியாது. தங்கச்சி, உங்கள் பேன் காற்றை எங்கே தள்ளுகிறது? நான் கழற்றிப் பார்த்த எத்தனையோ வீட்டில் குழாய் சீலிங்குக்கு மேலேயே முடிகிறது. சூடான ஆவி குளிர்ந்த கூரைச் சீற்றில் பட்டுத் தண்ணீராகிச் சீலிங்கில் சொட்டும். சவர் வைத்தாலும் தொட்டி வைத்தாலும் அதே கதைதான். குழாயைச் சுவர் வழியாக வெளியே விடுங்கள். கதவுக்கு அடியில் அரை அங்குலம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பேன் எதை இழுக்கும்? குளித்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும். இன்னொன்று, ஈரம் சுவரின் அடியில் பட்டையாக, உப்புப் பூத்து நின்றால் அது மணலிலிருந்து ஏறுகிற நிலத்தடி ஈரம். அதற்கு வைத்தியம் வேறு.

கல்லடித் தங்கச்சி
மேசன் நானா, சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். குழாய் இரண்டடியோடு முடிந்திருக்கிறது, வாய்க்கு நேரே உள்ள மரச்சட்டம் கறுத்து, நகத்தால் கீறினால் மாவாக உதிர்கிறது. சட்டத்தை மாற்றிக் குழாயையும் வெளியே விடப் போகிறோம். அம்மாவுக்குக் கைச்சவரும் கதிரையும்.

காரைதீவு அக்கா
நல்லது மகள். பூஞ்சணத்தைப் ப்ளீச் போட்டுத் துடைத்தால் கழிப்பறை கழுவுகிற அசிட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும், சின்ன அறையில் மூச்சடைத்துவிடும்.

வாவிக்கரை
சரி, சவரே வையுங்கள். குளித்து முடித்ததும் ரப்பர் வைப்பரால் சுவரை மேலிருந்து கீழே ஒருமுறை வழித்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் நேரே வடிகானுக்குள் போய்விடும்.