ஜப்பானில் வாங்கிய லென்ஸில் பூஞ்சை: பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

ஈரோடு ஒளிப்படக்காரர் (கேள்வி):
வணக்கம். நான் திருமண நிகழ்ச்சிகளுக்குத் தனியாகப் படமெடுத்துப் பிழைப்பவன். ஜப்பானில் உள்ள பழைய கேமராக் கடை ஒன்றின் சொந்த இணையதளத்தில், பயன்படுத்திய லென்ஸ் ஒன்றைக் கிரெடிட் கார்டு மூலம் 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். பூஞ்சை இல்லை என்று விளம்பரத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். சுங்க வரி கட்டிப் பார்சலைப் பெற்று, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது உட்கண்ணாடியில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. அன்றே படங்களுடன் எழுதினேன். முதலில் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாகச் சொன்னவர்கள், பிறகு ‘விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை’ என்ற தங்கள் நிபந்தனையைக் காட்டினார்கள். இப்போது வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல் மட்டும் வருகிறது. பொருள் கைக்கு வந்து 52 நாள்கள் ஆகிவிட்டன. இந்தியச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்துமா? தொழிலுக்காக வாங்கியதால் நான் நுகர்வோரே இல்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார், அது சரியா?

கோவை வழக்கறிஞர்:
நண்பர் சொன்னது பாதி சரி. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால், சுயதொழில் செய்து தம் வாழ்க்கைக்குப் பொருளீட்டும் நோக்கத்துக்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே பிரிவின் விளக்கம் விலக்களிக்கிறது. ஆள்களை அமர்த்தி ஸ்டூடியோ நடத்துபவருக்கு இந்த வாதம் கடினம்; தனியாகப் படமெடுக்கும் உங்களுக்குப் பொருந்தும்.

அடுத்து, 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இந்தியாவில் நிறுவப்படாவிட்டாலும் இந்திய நுகர்வோருக்கு முறையாகத் தொடர்ந்து பொருள்களை வழங்கிவரும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது என்பதும் அவற்றில் உண்டு. ஆனால், உலகம் முழுவதற்கும் பார்சல் அனுப்பும் ஒரு சிறு கடை இந்தியர்களுக்கு ‘முறையாகத் தொடர்ந்து’ விற்கிறதா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். இணையதளத்தில் விலையை ரூபாயில் காட்டியிருந்தாலோ, இந்தியாவுக்கென அனுப்பும் கட்டணத்தைத் தனியாகக் குறித்திருந்தாலோ அந்தப் பக்கங்களை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை மாறிவிடக்கூடும்.

வழக்குத் தொடுப்பது எளிது. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டாண்டுக் கால அவகாசமும் உண்டு. சிக்கல் தீர்ப்புக்குப் பின்னால்தான் வருகிறது. நீதிமன்றத் தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றுவதற்கு இந்தியா அறிவித்துள்ள நாடுகளில் சிங்கப்பூரும் பிரிட்டனும் ஐக்கிய அரபு அமீரகமும் உண்டு, ஜப்பான் இல்லை. இந்தியாவில் கிளையோ சொத்தோ இல்லாத கடைக்கு எதிராக வாங்கும் ஆணை காகிதமாகவே தங்கிவிடலாம் என்பதால், வழக்கை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். பல கடைகள் விற்கும் இந்திய இணையச் சந்தைத்தளம் ஒன்றின் வழியாக வாங்கியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

வங்கி அட்டைப் பிரிவில் இருந்தவர்:
வழக்கறிஞர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்: நீங்கள் பணம் கேட்கக்கூடிய இடம் ஜப்பானியக் கடை மட்டுமல்ல, உங்கள் வங்கியும் இருக்கிறது. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருள் என்ற காரணத்தில் சார்ஜ்பேக், அதாவது அட்டையில் செலுத்திய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்கலாம். விசா அட்டை நிறுவனத்தின் விதிகளில் பொருள் கைக்கு வந்ததிலிருந்து பொதுவாக 120 நாள்கள் கெடு. உங்களுக்கு 68 நாள்கள் எஞ்சியுள்ளன. வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பி இழுத்தடிப்பது இந்தக் கெடுவைக் கடத்தும் பழைய உத்தியாகவும் இருக்கலாம், வெறும் சோம்பலாகவும் இருக்கலாம். இரண்டிலும் நட்டம் உங்களுக்குத்தான்.

பெரும்பாலான கோரிக்கைகள் ஒரே இடத்தில் விழுகின்றன: வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்ப முன்வந்ததற்குச் சான்று இருப்பதில்லை. ‘லென்ஸைத் திருப்பி அனுப்பத் தயார்; முகவரியைத் தெரிவியுங்கள்’ என்று இன்றே எழுதுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குச் சான்று. திரும்பப் பெறுவதில்லை என்ற நிபந்தனை, மனம் மாறித் திருப்பித் தருபவரைத் தடுக்கும். தவறாக விவரித்து விற்றதை மறைக்காது. தள்ளுபடியை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். ஏற்றுக்கொண்டால் சமரசம் முடிந்ததாக வாதிடுவார்கள். வங்கியிடம் எழுத்துமூலம் கோரிக்கை கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். கோரிக்கையையே எடுத்துக்கொள்ள மறுத்தால் வங்கியிடம் புகார் செய்து, 30 நாள்களில் பதில் இல்லையென்றாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்.

ஈரோடு ஒளிப்படக்காரர்:
இருவருக்கும் நன்றி. திருப்பி அனுப்ப முன்வருவதாக இதுவரை நான் ஒருமுறைகூட எழுதவில்லை. படங்களை மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்திருக்கும் என்று இன்று காலை புதிதாக ஒரு காரணம் சொல்லியிருக்கிறார்கள். நான் கட்டிய சுங்க வரியும் சார்ஜ்பேக்கில் திரும்புமா?

லென்ஸ் பழுதுபார்ப்பவர்:
ஜப்பானிலிருந்து வரும் சில நாள்களுக்குள் வலைபோலப் பரவும் அளவுக்குப் பூஞ்சை வளராது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டி, பூஞ்சை பழையது என்று அவர்கள் கருதினால் லென்ஸின் வரிசை எண்ணுடன் கடைத் தாளில் எழுதி வாங்குங்கள். அதற்கு முன் துடைத்துச் சுத்தம் செய்ய யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பிறகு காட்ட எதுவும் இருக்காது.

வங்கி அட்டைப் பிரிவில் இருந்தவர்:
சுங்க வரி திரும்பாது; கடைக்காரருக்கு அட்டையில் சென்ற தொகையை மட்டுமே மீட்க முடியும். வரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிற்பாடு வழக்கறிஞர் சொன்ன ஆணையத்துக்குச் செல்ல நேர்ந்தால் இழப்பீட்டில் அதையும் சேர்த்துக் கேட்கலாம்.