அம்மாவோடு பார்க்க நல்ல ஃபேன்டஸி படங்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. அம்மாவும் நானும் இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் டிவியில் படம் பார்ப்போம். டைம் டிராவல் கதை என்றால் இருவருக்கும் உயிர். 2015இல் வந்த 'இன்று நேற்று நாளை'தான் இன்றுவரை எங்களுக்கு முதலிடம். சாக வேண்டிய ரவுடி பிழைத்துவிட, நிகழ்காலமே புரண்டுபோவதை அம்மாவுக்கு நான் விளக்கவே தேவைப்படவில்லை. அவ்வளவு தெளிவான திரைக்கதை! 'மாநாடு' படத்தில் ஒரே நாள் திரும்பத் திரும்ப வந்தும் அலுக்கவில்லை. வில்லனுக்கும் அந்தச் சுழற்சி தெரியவந்த பிறகு படம் பறக்கிறது.

த்ரில்லரில் 'ராட்சசன்' அருமைதான், ஆனால் பள்ளிப் பிள்ளைகள் படும் பாட்டை அம்மாவால் பார்க்க முடியவில்லை.

ஃபேன்டஸியில்தான் திணறுகிறோம். 'இரண்டாம் உலகம்' கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்பது மனதில் ஒட்டவில்லை.

மாய உலகத்துக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிற படங்கள் இருந்தால் சொல்லுங்கள். எந்த நாட்டுப் படமானாலும் சரி, தமிழ் டப்பிங் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவால் சப்டைட்டில் வேகத்துக்குப் படிக்க முடியாது. ரத்தம் அதிகம் வேண்டாம். முடிவைச் சொல்லாமல், உங்களுக்கு ஏன் பிடித்தது, எந்த ஓடிடியில் இருக்கிறது என்று எழுதினால் பெரிய உதவி.