மெம்பிரேன் ஓரம் வெளியே தெரிகிறது, எப்போது எடுப்பது?

வணக்கம். பெரியோ (ஈறு, பல்லைத் தாங்கும் எலும்பு சிகிச்சை) பார்க்கும் சீனியர்கள் வழி சொல்ல வேண்டும்.

நோயாளி 44 வயதுப் பெண். புகையிலைப் பழக்கம் இல்லை, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது. கீழ்த்தாடை வலது முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்தில் 7 மி.மீ. பாக்கெட் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே விழுந்த பள்ளம்), இரண்டு பக்கச் சுவர் மட்டும் மிஞ்சிய எலும்புக் குறை. எலும்புத் துகள் நிரப்பி, மேலே எலும்பு வளரும் இடத்துக்குள் ஈறு புகாமல் தடுக்க, டைட்டானியம் பதித்த பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகைப் பொருள்) மெம்பிரேன் என்ற தடுப்புச் சவ்வை வைத்துத் தைத்தேன். தானாகக் கரையும் வகை அல்ல.

மூன்றாம் வாரம் ஈறு விலகி, மெம்பிரேன் ஓரம் சுமார் 2 மி.மீ. தெரிந்தது. இப்போது நான்காம் வாரம் முடிகிறது. சீழ், வீக்கம், வலி எதுவும் இல்லை. சுற்றியுள்ள ஈறு மட்டும் லேசாகச் சிவந்திருக்கிறது.

0.2% குளோர்ஹெக்சிடின் காலை மாலை கொப்பளிக்கிறார், தெரியும் இடத்தில் அதே மருந்தின் ஜெல் தடவுகிறார். அந்தப் பக்கம் பிரஷ் வேண்டாம் என்றேன். வாராவாரம் வரவழைத்து நானே சுத்தம் செய்கிறேன். டாக்சிசைக்ளின் ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸும் முடிந்தது. திறப்பு பெரிதாகவில்லை, மூடவும் இல்லை.

4 முதல் 6 வாரத்தில் எடுக்க வேண்டும் என்றுதான் படித்திருக்கிறோம். இடையில் உள்ள அந்த இரண்டு வாரம்தான் சிக்கல். விட்டுவைத்தால் கிருமி உள்ளே இறங்கிப் புதுத் திசுவைக் கெடுக்கலாம். அவசரப்பட்டு எடுத்தால் அடியில் இன்னும் முதிராத திசு கலைந்துபோகும். அப்புறம் அதை முழுதாக மூட ஈறு எட்டுமா என்பதும் சந்தேகம். அந்தப் பல்லை எப்படியாவது காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.

சீழ் இல்லாத இவ்வளவு சிறிய திறப்பில், நீங்களாக இருந்தால் மெம்பிரேனை இப்போதே எடுப்பீர்களா, ஆறாம் வாரம் வரை விட்டுவைப்பீர்களா?