எக்ஸாஸ்ட் ஃபேனில் கருகல் வாடை, யோசனை சொல்லுங்க

வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே எங்கள் வீடு. பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனில் எப்போதும் பஞ்சுத்தூசி அப்பிக்கொள்ளும். இப்போது உறுமுகிறது, லேசாகக் கருகல் வாடையும் வருகிறது. அணைத்து வைத்திருக்கிறோம். தூசி அடைத்து இறக்கை நின்றுபோனாலும் மோட்டாருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் பஞ்சு பற்றிக்கொள்ளும். அம்மா ராத்திரி முழுக்க ஓடவிடுவார், அதுதான் பெரிய பயம்.

மெயினை அணைத்து, கழற்றித் துடைத்தால் போதுமா? கருகல் வாடை வந்த மோட்டாரை மாற்றுவதுதான் நல்லது என்று எனக்குப் படுகிறது. அதிகம் சூடானால் தானாக நின்றுவிடும் தெர்மல் கட்-ஆஃப் உள்ள ஃபேன் யாராவது போட்டிருக்கிறீர்களா? அப்புறம், அவிநாசி ரோடு பக்கம் வயரிங்கையும் சேர்த்துப் பார்க்கிற நல்ல எலக்ட்ரீசியன் இருந்தால் சொல்லுங்க.