வள்ளி திருமணம் கேசட்டுகளில் பூஞ்சை: சுத்தம் செய்பவர் தேவை

மதுரை வட்டார ஸ்பெஷல் நாடகங்களில் (ஒவ்வொரு ராத்திரிக்கும் நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்தி நடத்துபவை) நாற்பது வருடம் ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேஷம் கட்டிய மூத்த நடிகை ஒருவரின் 14 கேசட்டுகள் கைவசம் உள்ளன. 1985 முதல் 1991 வரை திருவிழா மேடைகளில் மைக்செட்காரர்கள் பதிந்தவை. எல்லாம் சி-90 (90 நிமிட நாடா). ஒன்பது நல்லபடியாக டிஜிட்டலாகிவிட்டன. மீதி ஐந்தில் நாடாச் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ஓடவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் கீச்சென்று சத்தம், பிறகு குரல் இழுபட்டு நாடா நின்றுவிடுகிறது.

அந்த ஐந்தில்தான் வள்ளி திருமணம் நாடகத்தின் வள்ளி–நாரதர் தர்க்கம் (மேடை வாக்குவாதம்) முழுசாக இருக்கிறது. நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு அச்சில் கிடைக்கும். தர்க்கம் அப்படியில்லை, ஒத்திகையே இல்லாமல் அந்த ராத்திரி மேடையில் பிறப்பது. போனால் போனதுதான்.

சோனி டெக்கில் நாடாவை வாசிக்கும் ஹெட், அதை இழுக்கும் பிஞ்ச் ரோலர் இரண்டையும் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்தாயிற்று. ஒரு கேசட்டின் நாடாவை ஸ்க்ரூ போட்ட வேறு பிளாஸ்டிக் ஓட்டுக்கு மாற்றி, நாடாவை ஹெட்டோடு அழுத்தும் ஃபெல்ட் பேடும் புதிதாக வைத்தோம். சத்தம் குறைந்தது, போகவில்லை. முன்னும் பின்னும் முழுசாகச் சுற்றியதில் பூஞ்சைத் தூள் ஹெட்டில் அப்பியதுதான் மிச்சம். அதோடு நிறுத்திவிட்டோம். ரீல் நாடாவைப் போல இளஞ்சூட்டில் வைக்கச் சிலர் சொன்னார்கள். ஓடு நெளியும், பூஞ்சைக்கு அது மருந்தும் அல்ல; செய்யவில்லை. இப்போது ஐந்தும் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் தனியாக இருக்கின்றன.

மதுரை, திருச்சி, சென்னை எங்கானாலும் சரி: பூஞ்சை பிடித்த கேசட் நாடாவைக் கையால் சுத்தம் செய்து 24 பிட் வேவ் கோப்பாக எடுத்துத் தருபவர் யார்?