தெரியாத நம்பர் வந்தால் எடுப்பதா, விடுவதா?

தாம்பரத்தான்
வீட்டில் ஒரு சண்டை. பொதுவில் வைக்கிறேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 71. மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்தேன். அவர் அறை உள்பக்கம் தாழ்ப்பாள். "ரெண்டு மணி நேரமா திறக்கலடா, யாரோ பெரிய ஆபீசர்கூடப் பேசறாராம்" என்றாள் அம்மா. தட்டித் திறக்க வைத்தேன். வீட்டில் பனியன், வேட்டியைத் தவிர எதுவும் போடாத மனுஷன், முழுக்கைச் சட்டை மாட்டி, கழுத்துப் பட்டன் வரை பூட்டிக்கொண்டு கட்டிலில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். எதிரே தலையணையில் சாய்த்து வைத்த போன். வாட்ஸ்அப் வீடியோ காலில் ஒரு காக்கிச் சட்டை. மும்பை போலீஸாம். அப்பா ஆதாரில் வாங்கிய சிம்மை வைத்து யாரோ கறுப்புப் பணம் மாற்றினார்களாம். விசாரணை முடியும்வரை கேமரா முன்னாலிருந்து நகரக் கூடாதாம். மடியில் பாஸ்புக். போனைப் பிடுங்கி கட் செய்தேன். பணம் தப்பியது.

அன்றைக்கே தெரியாத நம்பர் எதுவும் அடிக்காதபடி செட்டிங் மாற்றிவிட்டேன். அவர் முகம் கொடுத்தே பேசுவதில்லை. நான் செய்தது தப்பா?

மதுர பாண்டி
இதில் யோசிக்க என்ன இருக்கு? நூத்துக்கு நூறு சரி. நமக்கு வேண்டியவன் மெசேஜ் போடட்டும். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க: போன் செட்டிங் மாத்தினா வாட்ஸ்அப் கால் நிக்காது. அதுக்குள்ள பிரைவசியில் போய்த் தனியா அடைக்கணும். உங்கப்பாவுக்கு ஆப்பு வந்ததே அந்த வழியாத்தானே.

கோவை ஏசி மெக்கானிக்
பாண்டி அண்ணா, உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருதுங்க. எனக்குத் தெரியாத நம்பர்தான் சோறு. ஏப்ரல், மே ரெண்டு மாசம் ஓடறதுதான் வருசம் பூராவும். ஏணி மேல நின்னு அவுட்டோர் யூனிட்ட கழட்டிட்டு இருக்கறப்பவும் போன் அடிச்சா எடுத்தே ஆகோணும். ரெண்டு ரிங்கு விட்டா அடுத்த கடைக்காரனுக்குப் போட்டுருவாங்க. ஒரு நாளைக்குப் பத்து காலுல நாலு லோனு, ஒண்ணு பிளாட்டு. பல்லக் கடிச்சுக்கிட்டு எடுக்கறதுதான். எல்லாரும் மெசேஜ் போடுவாங்கன்னா நம்ம ஊரு பாட்டிமாருக்கு டைப் அடிக்கக் கத்துக்குடுங்க மொதல்ல.

மதுர பாண்டி
தம்பி, உன் பொழப்பு வேற. 71 வயசுக்காரர் யார்கிட்ட ஏசி ஆர்டர் எடுக்கப் போறாரு?

முன்னாள் டெலிகாலர்
நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். அம்பத்தூரில் ஒரு இடத்தில் ஒன்றரை வருஷம் கிரெடிட் கார்டு விற்றேன். நாங்கள் நம்பர் அழுத்துவதுகூடக் கிடையாது. மெஷினே போட்டுக்கொண்டிருக்கும், எடுத்தவர் காதில் விழுவதற்குள் "வணக்கம் சார்" சொல்லிவிட வேண்டும். நம்பர் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கும் தெரியாது, ஷீட்டில் இருக்கும். ஒருவரிடம் மூன்று நிமிஷத்துக்கு மேல் இழுத்தால் டீம் லீடர் பின்னால் வந்து நிற்பார். ரிட்டயர் ஆன தாத்தாக்கள் ஊர், பேர், சாப்பிட்டியா என்று ஆரம்பித்தால் எங்களுக்குக் கை நடுங்கும்.

கெட்ட வார்த்தை கேட்காத நாள் கிடையாது. திருடனையும் டெலிகாலரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். "வேண்டாம்மா" என்று சொல்லி வைத்துவிட்டால் போதும்.

மதுர பாண்டி
வேண்டாம்மான்னு சொன்னா மறுநாள் வேற ஒரு பொண்ணு பேசுதே! 1909-க்கு ‘ஸ்டார்ட் 0’ அனுப்பி எல்லா விளம்பரத்தையும் அடைச்சவன் நான். ஆறு மாசம் ஆச்சு. நேத்து மட்டும் மூணு கால்.

கவுண்டர் நம்பர் 4
பாண்டி சார், 1909-ல் நீங்கள் சேர்ந்த ‘விளம்பரம் வேண்டாம்’ பட்டியல் பதிவு செய்த கம்பெனிகளைத்தான் கட்டுப்படுத்தும். அவர்கள் 140-ல் தொடங்கும் நம்பரிலிருந்து கூப்பிட வேண்டும் என்பது விதி. உங்களைத் தொல்லை பண்ணுபவன் சாதாரணப் பத்து இலக்க சிம்மில் கூப்பிடுகிறான். அவனுக்குப் புகார்தான் வழி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் விதியைத் திருத்தி, புகார் சொல்ல இருந்த 3 நாள் கெடுவை 7 நாள் ஆக்கியது. முன்பு 7 நாளில் 10 புகார் வந்தால்தான் நடவடிக்கை, இப்போது 10 நாளில் 5 போதும். நாம்தான் திட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

கோவை ஏசி மெக்கானிக்
அஞ்சே பேரா? மார்ச்சு மாசம் பழைய கஸ்டமருக்கு எல்லாம் போன் போட்டு "சர்வீஸ் பண்ணீரலாங்களா"ன்னு கேப்பேன். அதுல அஞ்சு பேரு கடுப்பாகி புகார அமுக்கிவிட்டா எம்பட நம்பரு போயிருமா? லோனுக்காரன் நாளைக்கு வேற சிம்மு போட்டுக்குவான். எம்பட நம்பரு போர்டுல எழுதியிருக்குதுங்க.

மதுர பாண்டி
நீயும் கேக்காமத்தானே கூப்பிடுறே? எனக்கு நீயும் அந்தப் பொண்ணும் ஒண்ணுதான்.

கோவை ஏசி மெக்கானிக்
உங்கூட்டு ஏசி மே மாசம் நிக்கறப்ப தெரியுமுங்க யாரு ஒண்ணுன்னு.

வாயாடி
எல்லாரும் இவ்வளவு சீரியஸா? நான் மோசடிக்காரன் கிடைத்தால் விடவே மாட்டேன். "இன்று இரவு 9.30-க்கு கரண்ட் கட், போன மாத பில் அப்டேட் ஆகவில்லை" என்று ஒருத்தன். நம்ம ஊரில் பில்லே ரெண்டு மாதத்துக்கு ஒரு முறைதான்டா என்று சொல்லாமல், கண்ணாடி தேடுகிறேன், கார்டு தேடுகிறேன் என்று நாற்பது நிமிஷம் ஓட்டினேன். கடைசியில் கார்டு நம்பர் கேட்டான், ரேஷன் கார்டு நம்பரைப் படித்தேன். அந்த நாற்பது நிமிஷத்தில் ஒரு கிழவர் தப்பித்திருப்பார். இது சமூக சேவை.

முன்னாள் டெலிகாலர்
அந்த முனையில் இருப்பவன் விரும்பித்தான் உட்கார்ந்திருக்கிறானா என்று யோசித்தீர்களா? டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப் போய் மியான்மரில் மியாவாடி பக்கம் அடைத்து வைத்து, இதைச் செய்யச் சொல்லி அடித்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் சென்னைக்கு மீட்டு வரப்பட்டார்கள். 2025 மார்ச்சில் இந்தியர்கள் 283 பேரைத் தாய்லாந்து வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள்.

வாயாடி
அதற்காக என் பணத்தைத் தூக்கிக் கொடுக்கவா, அக்கா?

முன்னாள் டெலிகாலர்
கொடுக்கச் சொல்லவில்லை தம்பி. கட் பண்ணு என்கிறேன். உன் நம்பர், உன் குரல், நீ தனியாக இருக்கும் நேரம் எல்லாம் நாற்பது நிமிஷத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் முழுக்க விடாமல் அடிப்பான்.

கவுண்டர் நம்பர் 4
வாயாடி மாதிரி ஆட்களை விடுங்கள், அவர்கள் ஏமாற மாட்டார்கள். நான் வங்கியில் கவுண்டரில் இருக்கிறேன். போன டிசம்பரில் ஒரு அம்மா, ரிட்டயர்ட் டீச்சர், டெபாசிட்டை உடைத்து வேறு கணக்குக்கு அனுப்ப வந்தார். பாரம் எழுதும்போது பேனா நடுங்குகிறது. கைப்பை ஜிப்பைப் பாதி திறந்து வைத்திருந்தார். யாருக்கு அனுப்புகிறீர்கள் என்றேன். "பையன் வீடு வாங்கறான்" என்றார். பையன் பேர் என்ன என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை, கண் கைப்பைக்குப் போனது. உள்ளே போன் ஆனில் இருக்கிறது, அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறான்! ஒரு துண்டுச் சீட்டில் "யாராவது மிரட்டுகிறார்களா?" என்று எழுதி நீட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுததை மறக்க முடியவில்லை.

தாம்பரத்தான் அப்பாவுக்குச் செய்த மாதிரி வீடியோ காலில் உட்கார வைத்து மிரட்டுவதற்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பேர் வைத்திருக்கிறார்கள், அப்படி நம் சட்டத்தில் ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். அப்புறமும் ஆட்கள் வருகிறார்கள். அதே மாதம், வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பர் வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க ஏற்பாடு தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் சிக்கியவை 1.35 கோடி. ஒரு வாசலை அடைத்தால் வாட்ஸ்அப் வாசலில் வருகிறான். அதனால் செட்டிங்கை மட்டும் நம்பாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒரு ராத்திரி யோசித்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போடுங்கள். பணம் கைமாறிக் கைமாறி வெளியே எடுப்பதற்குள் முடக்கினால்தான் உண்டு.

செங்கல்பட்டு மருமகள்
தாம்பரத்தான் அண்ணா, நான் உங்களுக்கு எதிர்க்கட்சி. மாமியார் சந்தையில் மயங்கி விழுந்தப்போ ஜிஎச்சுக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரர் தன் போன்லேருந்து மூணு தடவை அடிச்சார். லோன்னு நெனச்சு மூணையும் கட் பண்ணினேன். நாலாவதா பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடி வந்து சொன்னான். இப்போ எந்த நம்பர்னாலும் எடுக்கறேன். ‘தொந்தரவு செய்யாதே’ போட்டாலும், அதே நம்பர் 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா அடிக்கற மாதிரி ஆண்ட்ராய்டில் வைக்கலாம். அதையாவது பண்ணுங்க.

தாம்பரத்தான்
முழுதாகச் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் இருபது வருஷம் இருந்தவர் பத்து நாள் முன்னால் தவறிவிட்டார். மகன் தன் நம்பரிலிருந்து அப்பாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார். அடிக்கவில்லை. அப்பா மிஸ்டு காலைப் பார்த்தபோது ராத்திரி, அதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள். "என் வயசுக்காரனுக்கு நல்ல சேதி தெரிஞ்ச நம்பர்ல வரும், சாவுச் சேதி தெரியாத நம்பர்லதான்டா வரும்" என்றார். அதுதான் சண்டை. முகம் கொடுக்காததற்குக் காரணம் செட்டிங் மட்டும் இல்லை.

மதுர பாண்டி
அட சாமி. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல. ஆனாலும் நான் மாறல. ஒரு சாவுக்குப் போகலேன்னா வருத்தம்தான், ஆயுசுக்குச் சேத்த காசு போனா?

கோவை ஏசி மெக்கானிக்
காசு போனா சம்பாரிக்கலாம்னு சொல்ல மாட்டேனுங்க, 71-ல எங்க போயிச் சம்பாரிக்கறது. ஆனா அவரு போனு அவருதுங்க. கேக்காம மாத்தினது தப்பு.

செங்கல்பட்டு மருமகள்
இதையேதான் நானும் சொல்ல வந்தேன்.

தாம்பரத்தான்
நேற்று செட்டிங்கை எடுத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் மட்டும் அடைப்பு இருக்கட்டும் என்று அவரே சொன்னார். எடுப்பார், ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு இல்லை. ஹாலில், ஸ்பீக்கரில், அம்மா எதிரில். ஏன் அன்றைக்குச் சட்டை போட்டாய் என்று இத்தனை நாள் கழித்துக் கேட்டேன். "அதிகாரி முன்னாடி பனியனோட உக்காருவாங்களாடா?" என்றார்.

இன்று காலை முதல் கால். பர்சனல் லோன். "எனக்கு எழுபத்தொண்ணும்மா, யாரு திருப்பிக் கட்டுவா" என்று ஆரம்பித்து, எந்த ஊர், அப்பா என்ன பண்றார், காலையில் என்ன டிபன் என்று போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பெண்தான் கட் செய்தது.