நாகஸ்வரத்துக்கு வெலாசிட்டி 80 போதுமா?

கானாடுகாத்தான் கீபோர்டு: கல்யாண மெட்டுகளை மியூஸ்ஸ்கோர் 3-ல (இசைக்குறிப்பு எழுதி வாசிக்க வைக்கிற மென்பொருள்) ஏத்துறவங்க ரொம்பக் குழப்பிக்காதீங்க. எல்லா நோட்டையும் செலக்ட் பண்ணி, இன்ஸ்பெக்டர்ங்கிற அமைப்புப் பலகத்துல வெலாசிட்டி (நோட்டு எவ்வளவு அழுத்தமா ஒலிக்கணும்கிற எண்) டைப்பை 'யூசர்' ஆக்கி 80 போடுங்க. நாகஸ்வரம் கடைசிவரை ஒரே சீரா வரும்.

காரைக்குடி வீணை: இப்படிச் சொல்லியே புதுசா வர்றவங்களைக் கெடுக்குறீங்க. யூசர் 80 போட்ட நோட்டு பி (மெதுவா), எஃப் (சத்தமா)ங்கிற குறி எதையும் மதிக்காது. சத்தம் படிப்படியா ஏறணும், இறங்கணும்னு காட்டுற ஹேர்பின் குறியும் செத்துப்போகும். டைப்பை 'ஆஃப்செட்'லயே விடுங்க. குறியோட அளவுல இருந்து கூட்டணுமா 10, குறைக்கணுமா -10.

கானாடுகாத்தான் கீபோர்டு: எம்எஃப்-க்கு (ஓரளவு சத்தம்) மென்பொருளே வச்சிருக்கிறது 80 தானே? 80 எப்படித் தப்பாகும்?

காரைக்குடி வீணை: எம்எஃப் 80, பி 49, எஃப் 96, எஃப்எஃப் (ரொம்பச் சத்தம்) 112. இந்த வித்தியாசத்தைத்தான் துடைச்சுப் போடுறீங்க. அதோட, வெலாசிட்டி நோட்டு தொடங்கும்போது ஒரு தடவை போற எண். நீட்டி ஊதுற ஸ்வரம் நடுவுல ஏறி இறங்கணும்னா சிசி 2 அல்லது சிசி 11 (நோட்டு ஒலிக்கும்போதே சத்தத்தை மாத்துற கட்டளைகள்) வேணும். 3.1-லயே அந்த வசதி வந்தாச்சு. மிக்ஸர்ல பேருக்குப் பின்னாடி 'எக்ஸ்ப்ர்'னு இருக்கிற ஒலியை எடுங்க. ஏறுற ஹேர்பின் முடியிற இடத்துல எஃப் போட மறக்காதீங்க.

தேவகோட்டை தவில்: தவிலுக்கு சிசி 11 எதுக்குண்ணே? அடிச்சதும் அடங்குற சத்தம். வலந்தலை (வலப் பக்கம்) 95, தொப்பி (இடப் பக்கம்) 60னு நோட்டுக்கு நோட்டு வெலாசிட்டிதான் உயிர். ரெண்டையும் ஒரே வாத்தியத்துக்குள்ள தனித்தனி ஸ்டாஃப்ல (கோட்டு வரிசை) எழுதுனா, பி-யோட டைனமிக் ரேஞ்சை (குறி எதுவரை செல்லும்கிறது) 'பார்ட்'ல (முழு வாத்தியம்) இருந்து 'ஸ்டாஃப்'க்கு மாத்தணும். இல்லேன்னா ரெண்டும் சேர்ந்தே அடங்கும். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து தராதீங்க.

காரைக்குடி வீணை: நீட்டி ஊதுறதைத்தானே சொன்னேன்? தவிலை இழுத்தது நீங்க.

கானாடுகாத்தான் கீபோர்டு: வீணைக்கு 105-ஆம் எண் ஒலியான சித்தாரை வச்சவர்தானே நீங்க? வீணை வித்வான்கள் காரைக்குடி சகோதரர்கள் வாசிச்ச ஊர்ல இருந்துக்கிட்டு!

காரைக்குடி வீணை: ஜெனரல் மிடியோட (ஒலிகளுக்கு எண் கொடுத்த பொதுப் பட்டியல்) 128 ஒலியில வீணையும் இல்ல, நாகஸ்வரமும் இல்ல. நீங்க நாகஸ்வரத்துக்கு வச்சிருக்கிற 112-ஆம் எண் மட்டும் என்னவாம்? ஷெனாய். அந்தப் பழைய கணக்கைக் கிளப்பி 80-ஐ மறைக்காதீங்க.

கானாடுகாத்தான் கீபோர்டு: சத்தம் பத்தலேன்னா மிக்ஸர்ல ஏத்திக்கலாம். 80 சரிதான்.

காரைக்குடி வீணை: மிக்ஸர்ல ஏத்துனா சத்தம் மட்டும் கூடும், தொனி மாறாது. அடுக்கடுக்கா பதிவு பண்ணின ஒலியில வெலாசிட்டி 49-க்கு ஒரு பதிவு, 112-க்கு வேற பதிவு. யாராவது 80 போட்டுட்டீங்கன்னா, எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஆஃப்செட், 0-னு திருப்பிடுங்க.

கானாடுகாத்தான் கீபோர்டு: திருப்பாதீங்க. எம்எஃப்னா 80.